மூன்று கல்லூரியும் ஒரு பரந்தாமனும்

"மாமா, பரந்தாமன் பாவாவுக்கு நீங்க வேற பொண்ணு பாருங்க."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லி வைத்திருந்தாள். புடவை கேள். பி.ஏ. படிக்க வேண்டும் என்று கேள். கேட்டாய், படித்தாய். ஆனால் தாய்மாமனிடம் போய், உங்கள் பிள்ளை எனக்கு வேண்டாம் என்று மட்டும் கேட்டுவிடாதே. அப்புறம் நான் எந்த முகத்தோடு பிறந்த வீட்டுப் படி மிதிப்பது?

கேட்டுவிட்டேன். வீராசாமி மாமா ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. பொதட்டூர்பேட்டையிலிருந்து காவடி எடுத்து வந்து, திருத்தணி மலையேறி, மொட்டை போட்டுக்கொண்டு, நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். தலையில் அப்பியிருந்த சந்தனம் இன்னும் காயவில்லை. பக்கத்து இலையில் அவர் பிள்ளை பரந்தாமன். மாமன் பிள்ளையை எங்கள் வீட்டில் பாவா என்போம். அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை. அவனுக்குத் தலை நிறைய முடி.

மாமா ரசத்தை ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். அம்மா ஊற்றினாள். கொஞ்சம் தரையில் ஊற்றினாள்.

"வேற பொண்ணு பாக்கறதா? நாங்க உன்ன எப்பம்மா பொண்ணு கேட்டோம்?" என்றார் மாமா.

அது உண்மை. கேட்டதே இல்லை. நான் பிறந்த வருஷம் மலையடிவாரத்தில் என்னை மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டுக் காது குத்தினார். எங்களவர்களில் அதற்கு மேல் யாரும் பெண் கேட்பதில்லை. கேட்காத ஒன்றை வாபஸ் வாங்க முடியாது. சட்டம் படிக்காமலேயே மாமாவுக்கு இது தெரிந்திருந்தது. படிக்க ஆசைப்பட்டவள் நான்.

முன்கூடத்தில் தறி ஓட ஆரம்பித்தது. அது என் நைனா, அதாவது அப்பா. பேச விருப்பமில்லாதபோது அவர் மோட்டாரைப் போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் லுங்கி நிறைய உற்பத்தி ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் சட்டம் படிக்க நினைத்ததற்கும் நைனாதான் காரணம். அவர் ஊக்கப்படுத்தினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவர் வழக்கில் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம். கூடவே போனேன். ஒரு வக்கீல், "சுவர் முதல்லருந்தே அங்கதான இருந்தது?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் நைனா. இன்னொரு வக்கீல் எழுந்து, "போன வருஷம்தான அங்க சுவர் வெச்சாங்க?" என்று கேட்டார். அதற்கும் "ஆமாங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. வெளியே வந்து, "ஏன் நைனா ரெண்டு பேருக்கும் ஆமான்னீங்க?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் படிச்சவங்க, கோட்டு போட்டுகினு கேக்கறாங்க. இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றார். அன்றைக்கு எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பி.ஏ. முடித்ததும் மூன்று சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். கூடப் படித்த பத்மா சொன்ன முறை அது. அவள் பி.எட்.டுக்கு அப்படித்தான் போட்டிருந்தாள். "ஆசப்பட்ட எடம் ஒண்ணு. கெடைச்சாலும் கெடைக்கும்ங்கற எடம் ஒண்ணு. கல்லு விழுந்தாலும் கெடைக்கற எடம் ஒண்ணு. அந்தக் கடைசி எடம்தான்டி மானத்தக் காப்பாத்தும்."

ஆசைப்பட்ட இடம் மெட்ராஸ். அதை விளக்க வேண்டியதில்லை.

நடு இடம் திருப்பதி. அதற்கு என் பிறப்பு உதவியது. நான் பிறந்தபோது திருத்தணி ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போவதற்குள் மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்துவிட்டது. நான் நகரவில்லை, ஊர்தான் போய்வந்தது. மெட்ராஸில் விண்ணப்பம் கொடுத்தபோது ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவர் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, "ஆந்திராவாம்மா?" என்றார். திருப்பதியில் கொடுத்தபோது அங்கிருந்தவர் என் பி.ஏ. சான்றிதழைப் பார்த்து, "அரவமா?" என்றார். தமிழா என்று அர்த்தம். இரண்டு ஜன்னலிலும் நான் அடுத்த வீட்டுப் பெண். ஆனால் திருப்பதிக்காரர் சித்தூர் ஜில்லா என்ற வரியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "சரிலேம்மா, மன பில்லே", நம்ம பெண்தான் என்று வாங்கிக்கொண்டார்.

கல் விழுந்தாலும் கிடைக்கிற இடம் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியலை வைக்க மறந்துவிட்டேன். அடுத்த வாரமே இடம் கொடுத்துப் பதில் வந்தது. மார்க்கே பார்க்காமல் என்னை எடுத்துக்கொண்டவர்கள் எதைப் பார்த்துப் பாடம் நடத்துவார்கள் என்று நினைத்து, அந்தப் பதிலை அலமாரியில் அடியில் போட்டேன்.

நைனா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூணுமே கெடைக்கலன்னா?"

பதிலை அம்மா சொன்னாள். "பரந்தாமன் கீறான்."

ஆக, என் பெயரில் மொத்தம் நான்கு விண்ணப்பங்கள். மூன்றை நான் போட்டேன். நான்காவதை, எனக்குத் தலை நிற்பதற்கு முன்பே அம்மா போட்டுவிட்டாள். அந்த நான்காவது இடத்தில் மட்டும் சேர்க்கைக்குக் கடைசித் தேதி கிடையாது.

மெட்ராஸ் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. சூழ்ச்சி எதுவும் இல்லை, மார்க் போதவில்லை. வீட்டில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். எனக்கு உடம்புக்கு ஆகட்டும் என்றாள். நானும் நம்பி இரண்டு டம்ளர் குடித்தேன்.

அப்புறம் திருப்பதியிலிருந்து இடம் கிடைத்ததாகத் தகவல் வந்தது. கிருத்திகை கழிந்து வரும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேருவதற்கு வேண்டிய பணத்தை நான் டியூஷன் எடுத்தே சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் வீட்டில் யாரும் அதை ஓர் இடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "திருப்பதிக்கு யாராவது படிக்கப் போவாங்களாடி? மொட்டை போடத்தான் போவாங்க" என்றாள் அம்மா. ஆடி மாதத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அதனால் மாமா பேச வரவில்லையாம். ஆவணியில் எந்த முகூர்த்தம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். பரந்தாமனின் அம்மா கெங்கம்மா அத்தை வரவில்லை. அவள் வந்தால் அது பேச்சு ஆகிவிடுமாம்.

இந்த நிலையில்தான் நான் அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

மாமா ரசம் சோற்றை முடித்துவிட்டு மோருக்குக் காத்திருந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

"வரலச்சுமி, இங்க கேளு. மெட்ராசுல கெடைக்கல. அது உன் தப்பு இல்ல, என் தப்பும் இல்ல. முருகன் வழி விட்டுட்டான். உங்கம்மா வேண்டுதலு வீண் போவுமா?"

"அண்ணா!" என்றாள் அம்மா.

"இன்னா வேண்டுதலு?" என்றேன் நான்.

மாமா தன் மொட்டைத் தலையைத் தடவினார். சந்தனம் கையோடு வந்தது. அதை இலை ஓரத்தில் துடைத்தார். அம்மா மோர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். நான் வழியில் நின்றேன்.

"அம்மா, சட்டிய கீழ வை."

"மோரு ஊத்தணும்."

"அவரு காத்திருப்பாரு. இன்னா வேண்டிகினே?"

"ஊருல எல்லாரும்தான் வேண்டிக்கறாங்க."

"ஊரக் கேக்கல. உன்னக் கேக்கறேன். எங்க வேண்டிகினே?"

"மலமேலதான். வேற எங்க?"

"எப்போ?"

"நீ மெட்ராசுல அந்தப் பேப்பருங்கள குடுத்துட்டு வந்தியே, அன்னிக்கு சாயங்காலம்."

"இன்னா சொல்லி வேண்டிகினே? அப்படியே சொல்லு. ஒரு வார்த்த மாத்தாத."

அம்மா தறிப் பக்கம் பார்த்தாள். தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நைனாவிடமிருந்து உதவி வராது என்பது அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரியும்.

"பொண்ணுக்கு மெட்ராசுல சீட்டு கெடைக்காம பண்ணிடு முருகா, ஆடிக் கிருத்திகைக்கு முடி எறக்கறேன்னு வேண்டிகினேன். போதுமா?"

மார்க்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். பட்டியலில் கடைசியாக இருந்த பெயருக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு மார்க் இருந்தது என்றும் தெரியும். முருகன் அதில் கை வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து படித்ததை நினைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் பக்கத்தில் காபி வைத்துவிட்டுப் போனவளே, பிறகு எதிர்க்கட்சியில் மனு போட்டிருக்கிறாள். பாயசமும் ஞாபகம் வந்தது. முந்திரி எல்லாம் போட்டிருந்தாள்.

"ஏன்?"

"ஏன்னா? மெட்ராசு. ஆஸ்டலு. கொலகாரன், திருடன் இவனுங்களுக்கெல்லாம் கோர்ட்டுல நின்னு நீ பேசிகினு இருப்பே. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டா உனக்கு யாருடி? சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவியா? எங்க அண்ணன் வீடுன்னா எனக்கு மனசுல ஒரு இது. சோறு கெடைக்கும், அடி கெடைக்காது. அதுக்கு மேல பொம்பளைக்கு இன்னா வேணும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீளமான பதில். சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் வேறொன்று எனக்கு உறைத்தது. அவளுக்கு உறைக்கவில்லை. மாமாவுக்கும் உறைக்கவில்லை.

"முடி எறக்கறேன்னு வேண்டிகினே. யாரு முடி?"

அம்மா மோர்ச் சட்டியைத் தரையில் வைத்தாள்.

"யாரு முடிம்மா?"

"பொண்ணு முடின்னு."

"உனக்கு எத்தினி பொண்ணு?"

"இன்னாடி கேள்வி இது? நீ ஒருத்திதான்."

"பூமுடியா, மொட்டையா?"

இந்த இடத்தில் மாமா நிமிர்ந்தார். பவர் தறி வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர். அம்மாவைவிடச் சீக்கிரம் கணக்குப் போடுவார். "பூமுடிதான். பூமுடி போதும்மா. மூணு கத்திரி, அவ்ளோதான். பொம்பளப் பசங்களுக்கு அதுதான் வழக்கம்" என்றார்.

"மாமா, வேண்டிகினது அவங்க. நடுவுல நீங்க பேசாதீங்க. அம்மா, பூமுடின்னு சொன்னியா?"

அம்மா பொய் சொல்லாதவள் கிடையாது. பால்காரனிடம் சொல்வாள், பக்கத்து வீட்டில் சொல்வாள், பாயசம் வைத்து என்னிடமும் சொன்னாள். ஆனால் எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அன்றைக்கு அது திறந்திருந்தது. படியெல்லாம் காவடி. அரோகரா சத்தம் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"மொட்டைன்னுதான் சொன்னேன்" என்றாள்.

"ஏன் கோவிந்தம்மா!" மாமா எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "கல்யாணப் பொண்ணுக்கு யாராவது மொட்டை வேண்டிக்குவாங்களா? உனக்கு மூளை கீதா?"

"எல்லாரும் அப்பிடித்தான வேண்டிக்கறாங்க? வாயில அதான் வந்துது. பக்கத்துல ஒருத்தி அப்பிடித்தான் சொல்லிகினு இருந்தா. வேற இன்னா வேண்டிக்கறதுன்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பெற்ற மகள் வக்கீலாகக் கூடாது, அண்ணன் வீட்டு மருமகளாக வேண்டும். இதற்காக என் அம்மா கடவுளிடம் அடமானம் வைத்தது அந்தக் கல்யாணப் பெண்ணின் தலைமுடியை. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவர்கள் எதற்கெடுத்தாலும் முடியைத்தான் நேர்ந்துகொள்வார்கள். மாடு கன்று போடவும் அதே, ஜுரம் விடவும் அதே. அவளை நான் குறை சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. கோபம் போகாததால் செய்யவில்லை.

"ஒரு வருஷம் போவட்டும்" என்றார் மாமா. "முருகன் இன்னா, வட்டிக்கா விட்டான்? கல்யாணம் ஆயி, ஒரு புள்ள பொறந்து, ரெண்டு பேருக்கும் சேத்து எறக்கிக்கலாம்."

"இந்த ஆடிக் கிருத்திகைன்னு வேண்டிகினியா, ஏதோ ஒரு கிருத்திகைன்னு வேண்டிகினியா?"

"இந்த" என்றாள் அம்மா. இப்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமா, போன வருஷம் உங்க சின்னத் தறி பத்திகிச்சே. அப்ப இன்னா சொன்னீங்க? காவடி பாக்கி வெச்சிகினு தறி வாங்கினேன், அதான் எரிஞ்சிதுன்னு நீங்கதான் ஊரெல்லாம் சொன்னீங்க. ஒயரு பழசுன்னு நான் சொன்னதுக்கு, நாலு எழுத்து படிச்சா சாமி இல்லன்னு ஆயிடுமான்னு என்னத் திட்டினீங்க. அதுக்குத்தான இன்னிக்குக் காவடி? அதுக்குத்தான இந்த மொட்டை?"

மாமா மறுபடியும் தலையைத் தடவினார். இந்தத் தடவை சந்தனத்தைத் துடைக்க மறந்துவிட்டார்.

"தறிக்கே அப்பிடின்னா, வேண்டுதல பாக்கி வெச்சிகினு உங்க ஒரே புள்ளைக்குத் தாலி கட்ட வெப்பீங்களா?"

பரந்தாமன் அதுவரை இலையிலேயே இருந்தான். மோர் வராததால் அப்பளத்தை உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவனைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நல்லவன். அதைத்தான் எல்லாரும் அவனுக்கு எதிராகப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம்.

"முடி வளந்துடும்ல?" என்று கேட்டான்.

"வளந்துடும் பாவா."

"எவ்ளோ நாளாவும்? பின்னல் போடற அளவுக்கு."

"மூணு வருஷம் ஆவும்."

"அந்தப் படிப்பு எவ்ளோ நாளு?"

"அதுவும் மூணு வருஷம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது வரைக்கும் எங்கம்மா காத்துகினு இருக்க மாட்டாங்க" என்றான். பிறகு, "நான் இருப்பேன், எனக்கொண்ணும் அவசரம் இல்ல" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னா தெரியும்" என்றான்.

"மொட்டைப் பொண்ண மணையில உக்கார வெச்சா கெங்கம்மா என்ன உள்ள விடுவாளா?" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல்.

"அத்தைய நீங்கதான் கேக்கணும் மாமா. நீங்க கேக்காமலே எல்லாம் நடக்கற வீடு. இத ஒண்ணையாவது கேளுங்க."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. என் மடியில உக்காந்து மொட்டை போட்டுகின பொண்ணுடி நீ."

"ஆங். இன்னிக்கும் வர்றீங்களா? மடி இருந்தா எனக்கும் சௌகரியம்தான்."

பரந்தாமன் சிரித்துவிட்டான். அப்பளம் புரையேறியது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவன் தலையில் தட்டினாள்.

நான் உள்ளே போனேன். பெட்டியை முந்தின நாளே கட்டி வைத்திருந்தேன். அப்போது திங்கட்கிழமை திருப்பதி பஸ் ஏறுவேனா, ஏறவிடுவார்களா என்று தெரியாது. கட்டி வைத்தேன், அவ்வளவுதான். இப்போது அதைத் திறந்து சீப்பையும் எண்ணெய்ப் புட்டியையும் ரிப்பன்களையும் எடுத்து அலமாரியில் வைத்தேன். அலமாரிக்கு அடியில் பெங்களூர்க் கடிதம் இருந்தது. அதை அங்கேயே விட்டேன். பெட்டியில் இடம் நிறைய வந்தது. புத்தகம் இரண்டு சேர்த்து வைத்தேன்.

பின்னலை முன்னால் போட்டுப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே வரும். கல்லூரியில் அதற்காகவே என்னிடம் பேசியவர்கள் உண்டு. எனக்கும் அதன்மேல் ஆசை இல்லாமல் இல்லை.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"மொட்டைத் தலையோட காலேஜுக்கு எப்பிடிடி போவே? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"மெட்ராசா இருந்தா சிரிப்பாங்க. பெங்களூருல எழுந்து நின்னு பாப்பாங்க. நான் போறது திருப்பதிம்மா. அந்த ஊருல தலையில முடி வெச்சிகினு போனாத்தான் வெளியூரான்னு கேப்பாங்க."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது என்று முகத்தில் தெரிந்தது. பட்டதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது என்பதும் தெரிந்தது.

நடு இடம் என்று நான் போட்டது கடைசியில் இப்படித்தான் என் இடமாக ஆனது. பத்மாவின் முறையில் இதற்கு வழி சொல்லவில்லை. ஆசைப்பட்ட இடத்தைப் பற்றி எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அது வேறு.

கூடத்துக்கு வந்தேன். மாமா கை கழுவிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆவணி முகூர்த்தங்களைக் குறித்துக்கொண்டு வந்த பஞ்சாங்கத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

தறி நின்றது. நைனா வெளியே வந்தார். கண்ணிமையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. தறிச் சத்தத்திலும் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"திங்கக்கெழம எந்த பஸ்ஸு?" என்றார்.

"முதல் பஸ்ஸு."

"வேணு, நீ கூடவா?" என்றார் மாமா. "பொண்ணு இப்பிடிப் பேசறது சரின்றியா?"

"ஆமாங்க" என்றார் நைனா.

"அப்ப நான் சொல்றது தப்பா?"

நைனா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா கோட்டு போட்டிருக்கவில்லை. துண்டுதான் போட்டிருந்தார்.

"ஆமாங்க" என்றார் நைனா.

நான் செருப்பை மாட்டவில்லை. அந்த வேலைக்குப் போகும்போது மாட்டக் கூடாது. "வேண்டுதலு உன்னுது. வந்தா வா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன். தெரு முழுக்க மொட்டைத் தலைகள் மலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எதிர்த் திசையில், மொட்டை போடுகிற குளத்தங்கரை மண்டபத்தைப் பார்த்து, பின்னலை அவிழ்த்துக்கொண்டே நடந்தேன்.